கவுண்ட் நல்லாத்தான் இருக்கு, பிரஷர் எவ்வளவு?

போன பதிவில் மருந்து அரைக்கும் பழைய பீங்கான் கல்வத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் இரண்டு பேர் போன் செய்து, "கம்பவுண்டர் காலத்துக் கதை இன்னும் நிறைய எழுதுங்க" என்றார்கள். எழுதலாம். ஆனால் இந்த வாரம் மனது அதில் நிற்கவில்லை. இன்று எழுதப் போவது கதையில்லை, ஒரு குறை. அதில் என் பங்கும் இருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பணி ஓய்வுக்கு முந்தைய ஏழு வருடங்கள் கொங்கு நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை மாதாமாதம் இலவசமாகக் கொடுக்கும் இடம் அது. அங்கே வந்தவர்களில் ஒருவர் லாரி டிரைவர். பெயர் வேண்டாம், டிரைவர் என்றே சொல்கிறேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் சம்மதம் கேட்டு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். முதன்முதலில் வந்தபோது டி.பி.யும் சேர்ந்து 38 கிலோ இருந்தார். மச்சான் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தார். ஒன்றரை வருடத்தில் மறுபடியும் நாக்பூர் லைனில் ஸ்டியரிங் பிடித்தார். அவரைக் காட்டித்தான் புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வோம்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவர் மனைவியிடமிருந்து போன்.

"சார், அவருக்குக் கையில காப்பி டம்ளரு நிக்கமாட்டேங்குதுங்க. வாயும் ஒரு பக்கமாக் கோணுதுங்க."

"எப்பருந்து அம்மிணி?"

"நாலு மணிக்கு எந்திரிச்சப்பவே காலை இழுத்துட்டுத்தாங்க நடந்தாரு. வாயுப் புடிப்புன்னு எண்ணெ தேச்சு வெந்நி ஒத்தடம் குடுத்தனுங்க."

108-ஐக் கூப்பிடச் சொன்னேன். அவர்கள் தோட்டம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான்குக்கு ஆரம்பித்தது எட்டரையோடு முடிந்தது. இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். வாய் கோணினாலோ, ஒரு கை திடீரென்று சொன்னபடி கேட்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெயும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். மணியைப் பார்த்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

நான் போய்ப் பார்த்தது நான்காம் நாள். வலது கை, வலது கால் விழுந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "நம்ம மாத்திரை குடுக்கறீங்களா?" தலையைக் குனிந்துகொண்டார். அட்மிஷனின்போது, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மாத்திரை டப்பா வீட்டில் அரிசி டிரம்முக்குள் இருந்தது, பதினோரு வருடமாக அது இருக்கும் இடத்தில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபின் கோபம் யார்மேல் போக வேண்டுமோ அங்கே போனது. டி.பி.க்கு முதன்முதலில் வேறோர் இடத்தில் சேர்த்திருந்தபோது, கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டார்களாம். பக்கத்துக் கட்டிலுக்குப் பழம் வாங்கி வந்த சொந்த ஊர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டார். அந்த வாரமே ஊருக்குள் தெரிந்தது. டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப். மூத்த பெண்ணுக்கு வந்த வரன் நின்றுபோனது. "அன்னைக்கே முடிவு பண்ணிட்டனுங்க சார், இனி எந்த ஆஸ்பத்திரியிலயும் வாயத் தொறக்கறதில்லைன்னு." இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

வார்டில் இருந்த இளம் டாக்டர் நல்ல பிள்ளை. அந்த அம்மாவின் சம்மதத்தோடு நானே போய்ச் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார். முகம் மாறவில்லை. கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதினார். அன்று மாலையே மாத்திரை தொடங்கியது. பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "வந்தன்னைக்கு பிரஷர் 190க்கு 110 சார். ரொம்ப வருஷமா இருந்திருக்கும். உங்க சென்டர்ல பார்த்திருப்பாங்களே, எவ்வளவு இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடம், மாதம் ஒரு முறை, என் கையால் டப்பாவைக் கொடுத்திருக்கிறேன். சீட்டைப் பார்த்து, "கவுண்ட் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் கவலையில்லை" என்று எண்பது தடவையாவது சொல்லியிருப்பேன். எடை ஒவ்வொரு மாதமும் பார்த்தோம். மாத்திரை எத்தனை மிச்சம் என்று எண்ணினோம். பிரஷர் பார்க்கும் கருவி அடுத்த அறை மேசையில்தான் இருந்தது. கூட்டம் குறைந்த நாளில் நான் என் பிரஷரை அதில் பார்த்துக்கொண்டதும் உண்டு. அவருடையதை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சாக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அன்றைய எங்கள் மனநிலையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்ததே 1986-ல் நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தபோது தெரிந்தது. அதற்குப்பின் பதினெட்டு வருடம், வசதியில்லாதவர்களுக்கு மருந்து என்ற பேச்சே இல்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சுவரெல்லாம் புள்ளிராஜா விளம்பரம் இருந்தது நினைவிருக்கும். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. தாம்பரம் சானடோரியத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 2004 ஏப்ரலில்தான் மத்திய அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்தது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்தக் காலத்து மாத்திரை உயிரைக் காப்பாற்றும், கூடவே கன்னத்துச் சதையை வற்ற வைக்கும், பாதத்தில் எரிச்சல் கொடுக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்படி ஒரு காலத்திலிருந்து வந்தவர்களுக்கு, அடுத்த மாதம் ஆள் நடந்து வந்தாலே வெற்றிதான். அவர்களுக்கும் அறுபது வயது வரும், நம்மைப் போலவே பிரஷரும் கொழுப்பும் வரும் என்று யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்று இந்த நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே சிக்காத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது என்பதும் உறுதியாகத் தெரிந்துவிட்டது. மருந்தும் பழைய மருந்து இல்லை. தினம் ஒரே மாத்திரை, தொல்லை குறைவு. அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம்மூரில் நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அதேதான் இது. மேலே சாம்பல் படிந்து அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனல் இருக்கும். மாத்திரை கிருமியை அடக்கினாலும் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. சில அணுக்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. அது இருப்பது தெரிந்து உடம்பின் காவல் படை இரவு பகல் ஓயாமல் விழித்திருக்கிறது. போதாததற்கு, நோய் பிடித்த ஆரம்பத்திலேயே குடலின் உட்சுவர் பழுதாகிவிடுவதால், குடலில் இருக்க வேண்டிய நுண்ணுயிர்களின் கழிவு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகிறது. அதையும் எதிர்த்து அந்தப் படை போராடுகிறது. வருடக்கணக்கில் நடக்கும் இந்த அழற்சியில் அடிபடுவது ரத்தக்குழாயின் உட்புறத் தோல். அது வழவழப்பாக இருக்கும்வரை ரத்தம் தடையில்லாமல் ஓடும். வாய்க்காலின் சிமென்ட் பூச்சு பெயர்ந்த இடத்தில்தான் பாசியும் வண்டலும் பிடிக்கும். அதுபோலக் கொழுப்பு படிகிறது, குழாய் தடிக்கிறது, ஒருநாள் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைகிறது. இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று தெரிகிறது. மருந்து தொடங்காமல் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கிப்போனவர்களுக்கு வேறு வழியிலும் வாதம் வரலாம். நம் நாட்டில் மூளைக்காய்ச்சலாக வரும் டி.பி. மூளையின் அடிப்பக்கத்து ரத்தக்குழாய்களை நெரித்துவிடும். மேகநோயும் அதைச் செய்யும்.

மருந்தே ரத்தக்குழாயைக் கெடுக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பழைய மருந்துகள் சில கொழுப்பை ஏற்றின. இப்போதைய மாத்திரையில் சிலருக்கு எடை கூடுகிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 2006-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 'ஸ்மார்ட்' என்றோர் ஆய்வு வெளிவந்தது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி வைத்து, இறங்கும்போது மறுபடி கொடுத்தால் பக்கவிளைவு குறையுமே என்று சோதித்தார்கள். நடந்தது தலைகீழ். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களில் சாவும் அதிகம், இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினைகளும் அதிகம். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கனல்மேல் இருக்கும் சாம்பலை ஊதிவிட்டால் என்ன ஆகும், அதுதான் ஆனது.

டிரைவர் விஷயத்தில் எல்லாப் பழியையும் கிருமிமேல் போடவும் முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. ராத்திரி முழுக்க விழிப்பு. டாபாவில் எண்ணெய் மிதக்கும் குழம்பு, வீட்டில் ஊறுகாயும் கருவாடும். அவரோடு ஓட்டிய மற்ற டிரைவர்களுக்கும் இதெல்லாம் உண்டு. அவர்களுக்கு அடுப்பு ஒன்று, இவருக்கு அடுப்பு இரண்டு. அதனால்தான் இவருடைய பிரஷரை மற்றவர்களுடையதைவிட முன்னதாகப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

2023-ல் 'ரிப்ரீவ்' ஆய்வின் முடிவு வந்தது. இந்தியாவும் சேர்ந்து பன்னிரண்டு நாடுகளில் 7,769 பேர். எல்லாரும் ஏ.ஆர்.டி. மருந்தில் இருப்பவர்கள், 40 முதல் 75 வயது, வழக்கமான கணக்குப்படி இதய ஆபத்து பெரிதாக இல்லாதவர்கள். பாதிப் பேருக்குப் பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. சதவீதம் கேட்க நன்றாக இருக்கும், தலைக்கணக்கையும் சொல்ல வேண்டும்: வருடத்துக்கு ஆயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்தது ஐந்து பேராகக் குறைந்தது. சர்க்கரை நோய் மட்டும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே ஓடிப்போய்க் கடையில் வாங்கிச் சாப்பிடும் சமாசாரம் இல்லை இது. ஆனால் நாற்பது தாண்டிய ஒவ்வொருவரும், "டாக்டர், எனக்கு இது வேண்டுமா?" என்று கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் பேசட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிசி டிரம்முக்குள் மாத்திரையை ஒளித்து வைப்பதில் ஊர் வாய்க்குத் தப்பிக்கலாம், மருந்துக்கு மருந்து ஆகாமல் போவதற்குத் தப்ப முடியாது. எச்.ஐ.வி.க்கு இரண்டாம் வரிசை மருந்தில் இருப்பவர்கள் பலருக்கு ரிடோனாவிர் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். அதோடு சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையைச் சேர்த்தால் அது ரத்தத்தில் தாறுமாறாக ஏறித் தசையை அழித்துவிடும், சேர்க்கவே கூடாது. பக்கவாதத்துக்குப்பின் வழக்கமாக எழுதும் குளோபிடோகிரெல் அதே ரிடோனாவிருடன் சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார், நோயாளிக்குப் பாதுகாப்பு இருக்காது. இப்போது பெரும்பாலோர் சாப்பிடும் டோலுடெகிராவிர் சாது மருந்துதான். ஆனாலும் சர்க்கரைக்கான மெட்பார்மினை அது உடம்பில் தேக்கிவைக்கும், அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து, வயிற்றெரிச்சல் மாத்திரைகள் இவற்றோடு ஒரே நேரத்தில் வெறும் வயிற்றில் விழுங்கினால் டோலுடெகிராவிர் உடம்பில் சரியாகச் சேராது. நம் டிரைவர் ரிடோனாவிர் இல்லாத மாத்திரையில் இருந்தார். அது அதிர்ஷ்டம். அந்தப் பெண்மணியின் மௌனத்தில் மூன்று நாள் மாத்திரை விட்டதோடு போயிற்று.

ஆகவே "டாக்டரிடம் மறைக்காதீர்கள்" என்று அறிவுரை எழுதி முடித்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறைக்கக் கற்றுக்கொடுத்ததே மருத்துவமனைதானே? 2017-ல் எச்.ஐ.வி.க்கென்றே நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையில் பாகுபாடு கூடாது, சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது, ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் ஒரு மருத்துவப் பணியாளர் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்குச் சொல்லலாம் என்றும் இருக்கிறது. கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் ஒட்டும் ஆளுக்கு இந்தச் சட்டத்தை யார் படித்துக் காட்டுவது? முதலில் வார்டு வாயை மூடட்டும், பிறகு நோயாளியிடம் வாயைத் திறக்கச் சொல்வோம். வரிசை அதுதான்.

இன்னொரு கோபமும் உண்டு. டிரைவர் கையில் இப்போது இரண்டு நோட்டு. ஏ.ஆர்.டி. மையத்துப் பச்சைப் புத்தகம் ஒன்று, பிரஷர், சுகருக்குக் கொடுத்தது ஒன்று. பச்சைப் புத்தகத்தில் பிரஷர் இல்லை, மற்றதில் எச்.ஐ.வி. இல்லை. ஒரே உடம்புக்குள் ஓடும் ஒரே ரத்தத்தை இரண்டு நோட்டில் பிரித்து எழுதினால் எந்த டாக்டருக்கு முழு ஆள் தெரிவார்? பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்று இப்போது வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தில் இருப்பது மேசைக்கு வர வேண்டும். எடை பார்க்கும் பெண்ணே பிரஷரும் பார்த்து எழுத ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகுமா? வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் திட்டத்தை 2021-ல் தொடங்கிக் காட்டிய மாநிலம் இது. நம்மால் முடியாத காரியம் ஒன்றுமில்லை. அதேபோல, ஐம்பது வயதுகூட ஆகாதவருக்கு வாதம் வந்தால், கேட்டு, சம்மதம் வாங்கி எச்.ஐ.வி. சோதனையும் செய்துவிட வேண்டும். சிலருக்கு நோய் இருப்பதே அந்தச் சோதனையில்தான் முதன்முதலாகத் தெரியவரும்.

இந்த மாதம் முதல் திங்கட்கிழமை நானே டிரைவரை மையத்துக்குக் கூட்டிப் போனேன். கால் ஓரளவு திரும்பிவிட்டது. கை இன்னும் இல்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. லைசென்ஸைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் பழைய நாற்காலியில் இப்போது இருப்பது ஒரு சின்னப் பெண். டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணா, வைரல் லோடு நல்லாருக்கு" என்று ஆரம்பித்தாள். எதிரிலிருந்த என்னைப் பார்த்து, "என்ன சார் வேணும்?" என்றாள்.

"பிரஷர் பாரும்மா" என்றேன். "இங்க பார்க்கறதில்லை சார், ஓ.பி.யில..." என்று இழுத்தாள். நகராமல் உட்கார்ந்திருந்தேன். கிழவன் போகமாட்டான் என்று தெரிந்ததும் எழுந்துபோய் அடுத்த அறையிலிருந்து கருவியைக் கொண்டுவந்தாள். 146க்கு 92. பச்சைப் புத்தகத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை, ஓரத்தில் பேனாவால் எழுதினாள்.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மா, "எனக்கும் பாக்கறீங்களா கண்ணு?" என்று கையை நீட்டினார்.